கிரயமா, குத்தகையா, சொந்தப் படகா? பாட்டின் உரிமைக்கு மூன்று வழிகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போதுதான், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துப் பாட்டுக் குழுக்கள் ஒலிப்பதிவுக்கு உட்காருகின்றன. பகலில் கச்சான் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், இரவு இரண்டு மணிக்கு மேல் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பழைய மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, இருக்கும் ஒரே மைக்கின் முன் பாடுகிறார்கள். பாட்டு முடிந்த மறுநாளே அதை யாரிடம், என்ன கணக்கில் கொடுப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது. எங்கள் குழுவுக்குக் காகித வேலை பார்ப்பவன் என்ற முறையில், நான் நேரில் பார்த்த மூன்று வழிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாட்டு என்பது ஒரே சொத்து அன்று. நம் பக்கத்துப் பனந்தோப்பில் நிலம் ஒருவருக்கும் மரமேறும் உரிமை இன்னொருவருக்கும் இருப்பதைப்போல, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பாடல் வரி ஒரு சொத்து, மெட்டு ஒரு சொத்து, ஒலிப்பதிவு தனியே மூன்றாவது சொத்து. வரிக்கும் மெட்டுக்கும் அவற்றைப் படைத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று 50 ஆண்டு உரிமை தனியாக இருக்கிறது. ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் அதன் தயாரிப்பாளர், அதாவது முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டு அதை உருவாக்கியவர். ஸ்டூடியோவைப் பிடித்து, பணம் கட்டி, வேலையை முன்னின்று நடத்தியவர் வெளியாள் என்றால், நாம் எதிலும் கையெழுத்துப் போடாவிட்டாலும் ஒலிப்பதிவு பெரும்பாலும் அவர் பக்கமே போய்ச்சேரும். பலர் ஏமாறுவது ஒப்பந்தத் தாளில் அன்று, "செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொல்லும் அந்த இடத்தில்.

முதல் வழி கிரயம். ஒரு நிறுவனமோ யூடியூப் சேனலோ மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்கிறது. பணம் கைக்கு உடனே வரும், விளம்பரமும் வெளியீடும் அவர்கள் பொறுப்பு. வலை வாங்கிய கடனோ வீட்டில் ஒரு மருத்துவச் செலவோ இருக்கும்போது இந்த வழி எவ்வளவு கவர்ச்சியானது என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கிரயம் என்பது கிரயம்தான்; பாட்டு பத்து ஆண்டு கழித்து ஒரு விளம்பரத்தில் ஒலித்தால் அந்தக் காசு வாங்கியவருக்குப் போகும்.

இங்கே சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. 1977இல் உச்ச நீதிமன்றம், திரைப்படத்துக்காக எழுதப்பட்ட வரிக்கும் மெட்டுக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை தயாரிப்பாளரே உரிமையாளர் என்று சொன்னதிலிருந்து, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் கூலியோடு ஒதுங்கவேண்டிய நிலை நீண்ட காலம் நீடித்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றியது. இப்போது பாடலாசிரியரும் மெட்டமைத்தவரும் உரிமையை விற்றுவிட்டாலும், ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையைத் தம் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. எழுதிக்கொடுக்கும் நாளில் புழக்கத்தில் இல்லாத ஓர் ஊடகம் பின்னால் வந்தால், தாளில் அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தாலொழிய அந்த எழுதிக்கொடுப்பு அதற்குச் செல்லாது. சட்டம் இருக்கிறது என்பது வேறு, ராமேசுவரத்திலிருந்து சென்னைக்குப் போய் அதை நிலைநாட்டுவது வேறு. இளையராஜாவே தம் பாடல்களுக்காக நீதிமன்றப் படியில் ஆண்டுக்கணக்கில் ஏறவேண்டியிருந்தது என்றால், உறுமி வாசிக்கும் ஒருவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வழி குத்தகை. உரிமை நம் பெயரிலேயே இருக்கும். மூன்று ஆண்டுக்கோ ஐந்து ஆண்டுக்கோ வெளியிடும் அனுமதியை மட்டும் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்து வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்வது. காகிதத்தில் இதுவே அழகான வழி. இதன் குணம் முழுவதும் இரண்டு இடங்களில் அடங்கியிருக்கிறது: முன்பணம், செலவுக் கழிப்பு.

முன்பணத்தின் சுபாவம் நம் கடற்கரைக்குப் புதிதன்று. வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய மீனவர் பிடித்த மீனை அந்த வியாபாரியிடமே கொடுத்தாக வேண்டும்; அவர் சொல்வதுதான் விலை. கடன் அடையும்வரை வேறு ஏலத்துக்குப் போக முடியாது. இசை நிறுவனத்தின் முன்பணமும் இப்படித்தான் வேலை செய்கிறது. அது சம்பளம் அன்று, வருங்காலப் பங்கிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும் கடன். பிடித்து முடியும்வரை நம் பங்கு பூச்சியம்.

செலவுக் கழிப்பில்தான் படகுக்கும் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு என்னை உறுத்துகிறது. படகு கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதியைத்தான் பங்கு பிரிக்கிறார்கள். ஆனால் எத்தனை லிட்டர் டீசல் ஊற்றியது, எத்தனை பெட்டி ஐஸ் ஏற்றியது என்பது படகில் ஏறிய எல்லாருக்கும் தெரியும். அவர்களே தோளில் தூக்கி ஏற்றியவர்கள். இசை ஒப்பந்தத்தில் "விளம்பரச் செலவு" என்ற ஒரே வரியில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், அந்த ஐஸ் பெட்டியை நாம் கண்ணால் பார்க்கப்போவதில்லை. ஆகவே குத்தகைக்குப் போகிறவர்கள் செலவுக்கு ஓர் உச்சவரம்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரசீதுகளோடு கணக்கு, காலம் முடிந்ததும் மூல ஒலிக் கோப்புகளும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணும் திரும்ப வருதல் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஐ.எஸ்.ஆர்.சி. என்பது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளக் குறி. அதே குறியோடு மறுவெளியீடு செய்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை நம்மோடு ஒட்டி வர வாய்ப்புண்டு.

மூன்றாவது வழி சொந்தப் படகு: நாமே பதிவு செய்து, இணைய விநியோகத் தளம் ஒன்றின் வழியாக நாமே வெளியிடுவது. இத்தளங்கள் உரிமையைக் கேட்பதில்லை, கூலியை மட்டும் கேட்கின்றன. டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு கேட்பு வருமானத்தில் பங்கு எடுப்பதில்லை. ஆனால் சந்தா நின்றால் பாட்டும் இறங்கிவிடலாம், நிரந்தரமாக நிற்க வைக்கத் தனிக் கட்டணம். சிடி பேபி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒருமுறை கட்டணமும் வருமானத்தில் 9 விழுக்காடும் எடுக்கிறது. ரூட்நோட்டின் இலவசத் திட்டத்தில் 15 விழுக்காடு போகும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பாட்டு மட்டும் போடும் நம் பக்கத்துக் குழுவுக்கு ஆண்டுச் சந்தா ஒத்துவராது என்பது என் எண்ணம். ஒரு தடைக்காலத்தில் கையில் பணமிருந்து மறு ஆண்டு இல்லாமற் போனால் பாட்டு காணாமற் போய்விடும்; பங்கு எடுக்கும் தளத்தில் அந்த அச்சம் இல்லை.

இந்த வழியில் பணம் பொழியும் என்று யாரும் எண்ண வேண்டாம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாவிட்டால் ஒலிப்பதிவு ராயல்டி எதுவும் கிடையாது. யூடியூபில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையும்) வேண்டும். அதன்பின் நீண்ட வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு நமக்கு. எங்கள் குழுவுக்கு இன்றும் சோறு போடுவது திருவிழா மேடையும் கல்யாண வீடும்தான். இணையத்தில் நிற்கும் பாட்டு அந்த மேடைக்கு ஆள் அழைத்துவரும் தண்டோரா.

இதில் உழைப்பும் உண்டு. எங்கள் பாடகரின் பெயரை முதல் பாட்டில் ஒரு மாதிரியும் இரண்டாம் பாட்டில் ஓர் எழுத்துக் கூட்டியும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துவிட்டேன். தளம் அவரை இரண்டு பாடகர்களாக்கி, கேட்பவர்களையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. சரிசெய்ய ஆறு வாரம் ஆனது. இன்னொன்று, பங்குத் தாள். "கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே பங்கு பேசிரணும் தம்பி, மீனைப் பார்த்த பிறகு பேசினா சண்டைதான்" என்றார் குழுவின் மூத்த உறுமிக்காரர். அன்றிரவே வரி, மெட்டு, பாடுதல், தாளம் என்று யாருக்கு எத்தனை விழுக்காடு என ஒரே பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டோம். வரிக்கோ மெட்டுக்கோ பதிவுக் கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். பதியாவிட்டாலும் உரிமை உண்டு, பதிந்தால் சான்று கையில் இருக்கும்.

எந்த வழியில் போனாலும் பாடலாசிரியரும் மெட்டமைத்தவரும், அவர்களுக்கான ராயல்டியைத் திரட்டித் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.இல் சேரலாம். பாம்பனில் 90.4 அலைவரிசையில் ஒலிக்கும் கடல் ஓசை போன்ற சமுதாய வானொலிக்கு ஒரு பாட்டைக் கொடுப்பது ஒலிபரப்ப அனுமதி தருவது மட்டுமே. உரிமை எங்கும் போவதில்லை. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு போன்ற ஊர்ச்சொத்தில் வழிவழியாக வந்த வரிக்கோ மெட்டுக்கோ யாரும் உரிமை கொண்டாட முடியாது. நாம் பாடிப் பதிந்த பதிவு மட்டும் நம்முடையது, அடுத்த ஊர்க்காரர் அதே அம்பாவைத் தாமே பாடிப் பதிந்தால் அது அவருடையது.

என் தேர்வைக் கேட்டால், முதல் தரமான பாட்டுக்குச் சொந்தப் படகு. வெளியூரில் கேட்கவேண்டிய, நம்மால் விளம்பரம் செய்ய முடியாத பாட்டுக்கு மூன்று ஆண்டுக்கு மிகாத குத்தகை. ஒரே ஒரு திருவிழாவுக்காகக் கட்டி, அந்தப் பருவத்தோடு மறைந்துவிடும் பாட்டைக் கிரயமாகக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இதை எழுதத் தூண்டியதும் ஒரு கிரயம்தான். 2019இல் எங்கள் பாட்டு ஒன்றை ஒரு யூடியூப் சேனலுக்கு ஒரே பக்கத் தாளில் எழுதிக்கொடுத்தோம். பிறகு கோயில் மேடையில் நாங்கள் பாடிய அதே பாட்டை எங்கள் பக்கத்தில் ஏற்றியபோது, அது பிறருடைய உடைமை என்று உரிமைக்கோரல் வந்தது. போன மாதம் அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். "முழு உரிமையும்" என்று இருக்கிறது. எத்தனை ஆண்டு என்ற சொல் எங்கும் இல்லை. காலம் குறிக்காத எழுதிக்கொடுப்பு ஐந்து ஆண்டுக்கு என்றே கொள்ளப்படும் என்கிறது சட்டத்தின் 19ஆம் பிரிவு. பணம் கட்டிய ஒலிப்பதிவு அவர்களுடையதாகவே இருக்கட்டும். வரியும் மெட்டும் 2024இலேயே எங்களிடம் திரும்பிவிட்டன என்று எழுதி அனுப்பினோம். இதுவரை ஒப்புகை அட்டை மட்டும் வந்திருக்கிறது.