ஸ்கிட் ஸ்டியர் லோடர்: பண்ணைக்கு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

டிராக்டர் திரும்ப இடமில்லாத மாட்டுக் கொட்டகையின் நடைவழியில், ஒரு பக்கச் சக்கரங்கள் முன்னும் மறுபக்கச் சக்கரங்கள் பின்னும் சுழல, நின்ற இடத்திலேயே திரும்பிவிடுவது ஸ்கிட் ஸ்டியர் லோடர் என்ற, சுமையை அள்ளித் தூக்கும் சிறு வண்டி. இதன் பிறப்பும் பண்ணையில்தான்: 1957-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் ஒரு வான்கோழிப் பண்ணையின் கொட்டகையைச் சுத்தம் செய்ய உருவாக்கிய மூன்று சக்கர வண்டியே இதன் முன்னோடி. டயர் பொருத்திய நடுத்தர வண்டி ஒன்றைச் சாணி அள்ளவும் வைக்கோல் கட்டுகளை அடுக்கவும் நான் மூன்று ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன்.

வாங்கும்போது பலரும் முதலில் கேட்பது குதிரைத்திறனை. நானும் அப்படித்தான் கேட்டேன். உண்மையில் முதலில் கேட்க வேண்டியது, பாதுகாப்பாகத் தூக்கும் எடை எவ்வளவு என்பதை. டயர் வண்டிகளில் அது, வண்டி முன்பக்கம் சாயத் தொடங்கும் எடையில் பாதி. சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும் டிராக் வண்டிகளில் வழக்கமாக 35 சதவீதம். ஈரச் சாணி ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1 டன் இருக்கும் என்பதால், 0.4 கன மீட்டர் பக்கெட் நிறைந்தாலே 400 கிலோ வந்துவிடுகிறது. பக்கெட்டைக் கழற்றி ஃபோர்க் (முன்னே நீளும் தூக்கு முட்கள்) மாட்டினால் சுமை இன்னும் முன்னே தள்ளி நிற்பதால், அதே எடை கூடுதலாக இழுக்கும். நனைந்த உருளைக் கட்டு ஒன்றை உயரத் தூக்கியபோது பின் டயர்கள் தரையை விட்டு மெல்ல எழுந்ததை இருக்கையில் உணர்ந்தேன். உடனே வண்டியின் தூக்கும் கைகளை இறக்கினேன். அன்றிலிருந்து எந்தச் சுமையையும் தரையை ஒட்டியே கொண்டுபோகிறேன்.

அடுத்தது, கைகள் உயரும் விதம். வில்போல வளைந்து உயரும் வகை தோண்டுவதற்கும் சமன்படுத்துவதற்கும் ஏற்றது, பராமரிப்பும் குறைவு. ஆனால் லாரியில் ஏற்றும் உயரத்துக்குப் போகும்போது அது முன்னே எட்டும் தூரம் குறைந்துவிடும். கட்டு அடுக்குவதே முதன்மை வேலையாக இருப்பவர்கள், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது நேராக உயரும் வகையை எடுப்பதே சரி என்பது என் கருத்து. என்னுடையது முதல் வகை. மேல் வரிசைக்கு ஒவ்வொரு முறையும் வண்டியை அடுக்கோடு ஒட்ட வேண்டியிருக்கிறது.

ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும், சரிவைக் கற்க அதிக நாள் ஆகும். காலி வண்டியின் எடை பின்பக்கம் கூடுதலாகவும், சுமையேற்றிய வண்டியின் எடை முன்பக்கமும் இருப்பதால், காலியாக மேடேறும்போது பின்னோக்கியும், சுமையோடு ஏறும்போது முன்னோக்கியும் ஓட்ட வேண்டும். கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். கான்கிரீட் தளத்தில் நின்ற இடத்தில் சுழற்றினால் டயர் விரைவாகத் தேயும். இடமிருந்தால் முன்னும் பின்னுமாகச் சென்று மூன்று கட்டமாகத் திருப்புவதே நல்லது.

குறை என்றால் ரேடியேட்டரைத்தான் சொல்ல வேண்டும். வைக்கோல் வேலையில் தூசியும் துரும்பும் அதன் தகடுகளில் படிந்துகொண்டே இருக்கும். விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெப்பமுள் ஏறிய பிறகே கவனித்தேன். இப்போது வேலை முடிந்ததும் காற்றடித்துச் சுத்தம் செய்கிறேன், நாள்தோறும் கைகளின் மூட்டு முளைகளுக்குக் கிரீஸ் வைக்கிறேன். பக்கெட் மாற்றும்போது இரண்டு பூட்டு முளைகளும் துளைக்குள் முழுதாக இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே தூக்குகிறேன்.

ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருப்பதாகத் தோன்றினால் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே குழாயைத் தொட வேண்டும். அழுத்தம் இருக்கும்போது கசிவைத் தேட வேண்டுமானால் அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள். வண்டியின் உயர்த்திய கைகளுக்கடியில், அவை விழாமல் தடுக்கும் பூட்டுத் தாங்கியை மாட்டாமல் யாரையும் போகவிடாதீர்கள்.