வில்லோ குச்சியா, கம்ப்ரெஸ்ட் சார்கோலா?

சார்கோலில், அதாவது வரையும் கரியில், ஆள் வரையத் தொடங்குகிறவர்கள் குழம்புவது இந்த இரண்டில்தான். வில்லோ குச்சி, காற்றுப் புகாமல் சூடாக்கிக் கரியாக்கிய வில்லோ மரக்கிளை. கம்ப்ரெஸ்ட் என்பது கரித்தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்தியது. வித்தியாசம் எல்லாம் அந்தப் பிசினால் வருவது.

பிசின் இல்லாத வில்லோ, தாளின் சொரசொரப்பில் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். துணியால் தட்டினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறிகிறவரைப் பார்த்து வரைந்தால் இதன் அருமை விளங்கும். இடுப்பு திரும்பி, தோள் உயர்ந்து, வலை விரிவதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். முதற்கோடு சரியாக விழாது. தட்டிவிட்டு, மங்கலாகத் தெரியும் பழைய தோளுக்கு மேலேயே புதிய தோளைப் போடலாம். அந்த மிச்சக் கோடுகளே உடம்புக்கு அசைவைக் கொடுக்கும். வெளிச்சம் பட்ட முதுகை எடுக்க, பாணின் நடுவைப் பிய்த்து உருட்டி ஒற்றினாலே போதும். கம்ப்ரெஸ்டில் இதெல்லாம் நடக்காது. அழிக்க அழிக்கச் சாம்பலாகத் தேய்ந்து தாள் அழுக்காகும்.

ஆனால் ஆழமான கறுப்பு வில்லோவில் வராது. இரவில் கூத்துக் களரியில் மத்தளத்தோடு நிற்கும், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் கண்குழிக்கும் தாடையின் கீழுக்கும் கம்ப்ரெஸ்ட்தான் வேண்டும். அதற்காக உடம்பு முழுக்க அதைப் பூசினால் ஆள் இருட்டாவார், படத்தில் உணர்ச்சி வராது. ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933இல் கரியால் வரைந்த தன்னுருவத்தைப் பாருங்கள்: முகம் நிதானமாக வரையப்பட்டிருக்கிறது, கையோ வேகமாக இழுத்த முரட்டுக் கோடுகள் மட்டும். அந்த ஏற்றத்தாழ்வில்தான் படத்தின் உயிரே இருக்கிறது.

சார்கோல் பென்சிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இமைக்கும் விரலுக்கும் நல்லது. அதில் தொடங்கினால் உருவம் விறைத்துப்போகும்.

என் தெரிவு வில்லோதான். கம்ப்ரெஸ்ட் கடைசியில் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும். கச்சான் காற்று வீசும் நாட்களில் வெளியே வரைந்தால், வீட்டுக்கு வருமுன் கரி பாதி போய்விடும். கரியைத் தாளில் பிடித்து நிறுத்தும் தெளிப்பான ஃபிக்சடிவ் அடித்தே ஆகவேண்டும். அடித்ததும் வில்லோ கொஞ்சம் கறுத்துத் தெரியும் என்பதால், கம்ப்ரெஸ்ட் கறுப்பை அதற்குப் பிறகே வையுங்கள்.