256 ஜிபி லப்டொப்புக்கு 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்: திருமலையில் வாங்கிப் பாவித்ததில்

கல்யாண வீடியோ, கோணேசர் கோயில் திருவிழாப் படங்கள், நிலாவெளியில் எடுத்தவை என்று எல்லாமே 256 ஜிபி லப்டொப்பில் இருந்தால் சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகத்தான் நிற்கும். அதற்காகப் புது லப்டொப் வாங்க வேண்டாம். டவுனில் வாங்கிய 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் எனக்கு அந்தத் தலையிடியை முழுதாகத் தீர்த்துவிட்டது.

விண்டோஸில் 1.81 டிபி என்றுதான் காட்டும், ஏமாற்று இல்லை. கம்பனி ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024ஆல். தனிக் கரண்ட் வயரும் தேவையில்லை, யூஎஸ்பியிலேயே ஓடும். யூஎஸ்பி 3.0 போர்ட்டில் குத்துங்கள், பல லப்டொப்பில் உள்ளே நீலமாக இருக்கும். பெரிய வீடியோக்கள் செக்கனுக்கு 100 எம்பி அளவில் போகும், அதாவது 150 ஜிபிக்கு அரை மணித்தியாலத்துக்குள். பழைய 2.0 போர்ட் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் படங்கள் என்றால் எதிலும் மெதுவுதான்.

படம், வீடியோ, பாட்டு, பழைய ஆவணங்களை மட்டும் மாற்றுங்கள், மென்பொருட்கள் உள்ளேயே இருக்கட்டும். வெட்டி ஒட்டாமல் முதலில் கொப்பி பண்ணி, அங்கே நாலைந்து வீடியோக்களைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்து, அப்புறம் லப்டொப்பில் அழியுங்கள். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் மாரிகால மின்னல் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம், பாதியில் கரண்ட் போனால் ஃபைல் பழுதாகலாம். அப்பிளின் மேக் கணினியிலும் பாவிப்பதென்றால், இரண்டிலும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் முறையில் ஃபோர்மட் செய்யுங்கள், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையை மேக் வாசிக்கும், தானாக எழுதாது.

குறை என்றால், உள்ளே தட்டு சுழல்கிறது, ஓடும்போது மேசையிலிருந்து விழுந்தால் முடிந்தது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றையும் யோசிக்க வேண்டும், நான் சிலிக்கா ஜெல் பக்கற்றோடு இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன். சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கில் சுழலும் பாகம் இல்லை, வேகமும் வேறு, சாம்சங் டி7 செக்கனுக்கு 1050 எம்பி வரை வாசிக்கும் என்கிறார்கள். டிஸ்க்கிலேயே வைத்து வீடியோ எடிட் செய்பவர்கள் அதையே வாங்கலாம். ஆனால் அதே அளவுக்கு விலை நன்றாகவே கூட. சேமிக்க மட்டும் என்றால் அந்தக் காசில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள் என்பேன்.

ஏன் இரண்டு? லப்டொப்பில் அழித்த நிமிடத்திலிருந்து உங்கள் பிள்ளையின் முதல் பிறந்தநாள் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. அது பக்அப் இல்லை, இடமாற்றம். 2004 சுனாமியில் கல்யாண அல்பம்கூட மிஞ்சாத குடும்பங்கள் நம் கரையோரம் எங்கும் உண்டு. என் இரண்டாவது டிஸ்க் வவுனியாவில் அக்கா வீட்டில் இருக்கிறது, போகும்போதெல்லாம் புதியவற்றை அதில் ஏற்றிவிட்டு வருவேன்.

வாங்கும்போது கடையிலேயே பெட்டியைப் பிரித்துக் குத்திப் பாருங்கள், அளவு சரியா என்று பார்த்து, பெரிய வீடியோ ஒன்றை ஏற்றித் திறந்து பாருங்கள். பில்லையும் பத்திரமாக வையுங்கள். வாரன்டியில் டிஸ்க்கைத்தான் மாற்றித் தருவார்கள், உள்ளே இருந்த படங்களை அல்ல.