லேப்ரடாரா, கோல்டனா, இல்ல நம்ம தோட்டத்து நாயா? மச்சானுக்கு ஒரு பதில்

போன வாரம் கோப்பிக்கடையில மச்சான் ஒரு கேள்வி கேட்டாரு. அவருக்கு இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல மூணு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை), ஓரத்துல ஈயம் தோண்டுன பழைய குட்டை ஒண்ணு, அதுல வாத்து வளக்குறாரு. போன்ல ஏதோ வீடியோ பாத்திருக்காரு, வெள்ளைக்காரன் வாத்தைச் சுடுறானாம், ஒரு நாய் ஐஸ் தண்ணியில குதிச்சு அதை எடுத்துட்டு வந்து கையில குடுக்குதாம். "மச்சான், அந்த மாதிரி ஒண்ணு வேணும், விசுவாசமா இருக்கணும், லேப்ரடார் வாங்கவா கோல்டன் வாங்கவா?"ன்னாரு. ரொட்டி சானாய் ஆறிட்டு இருந்துச்சு, அப்புறம் சொல்றேன்னுட்டேன். இப்ப சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

மொதல்ல ஒண்ணு, மச்சான் விசுவாசம்னு சொன்னது உண்மையில ரெண்டு சாமான். வேலையை விடாத பிடிவாதம் ஒண்ணு, ஆளை விடாத பாசம் இன்னொண்ணு. ரெண்டும் ஒரே நாய்கிட்ட சரிசமமா இருக்கும்னு நினைச்சுத்தான் நம்ம ஆளுங்க காசைக் கொட்டி ஏமாறுறாங்க.

லேப்ரடாரும் கோல்டனும் ரெண்டுமே ரிட்ரீவர் வகை. ரிட்ரீவர்னா "போய் எடுத்துட்டு வர்றது", பேர்லயே வேலை இருக்கு. அது பறவையை வெரட்டக் கூடாது, பிடிக்கவும் கூடாது. துப்பாக்கிக்காரன் பக்கத்துல ஆடாம அசையாம உக்காந்து, வானத்துல இருந்து எது எங்க விழுதுன்னு பாத்து ஞாபகம் வச்சுக்கணும், ரெண்டு மூணு விழுந்தா ரெண்டு மூணையும். பேர் சொல்லிக் கூப்ட்ட பிறகுதான் எந்திரிக்கணும். அடிபட்ட பறவை புதருக்குள்ள நடந்து போயிருந்தா மோப்பத்துலயே பின்னாடி போய், பல்லு படாம கவ்வி, கொண்டு வந்து கையில குடுக்கணும், தரையில போட்டா அந்தப் பறவை மறுபடி ஓடிரும். வீடியோவுல அந்தக் குதிக்கிறது மட்டும்தான் தெரியும் மச்சான், அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்துச்சே, அதுதான் பெரிய வேலை.

லேப்ரடார் வந்தது மீன்காரங்க வீட்டுல இருந்து. கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்து தீவுல வலை, கயிறு, தூண்டில்ல இருந்து நழுவுன மீன் எல்லாம் இழுத்துட்டு வந்த நாய்ங்க, அங்க இருந்து கப்பல்ல இங்கிலாந்து போய் பிரபுக்கள் கையில வேட்டை நாயா மாறி, 1903ல அங்க கென்னல் கிளப் தனி இனமா ஏத்துக்கிச்சு. கோல்டன் அப்படி இல்ல, அது பொறந்ததே எஸ்டேட்ல, பால்மரம் (ரப்பர்) இல்லாத எஸ்டேட், ஸ்காட்லாந்து மலையில. பின்னாடி ட்வீட்மவுத் பிரபு ஆன ஒருத்தர் அங்க ஒரு மஞ்ச ரிட்ரீவரையும் ஒரு தண்ணி ஸ்பானியலையும் சேத்து 1868ல நாலு மஞ்சக் குட்டி எடுத்தாரு, கோல்டன் வம்சத்தை அதுல இருந்துதான் எண்ணுவாங்க. ஒண்ணு கூலி வீட்டுப் பிள்ளை, ஒண்ணு பங்களா வீட்டுப் பிள்ளைன்னு வச்சுக்கோங்க. நான் கூலி வீட்டுப் பக்கம் சாய்வேன், அதை மறைக்கல.

செசபீக்னு ஒரு அமெரிக்க ரிட்ரீவர் இருக்கு, ஐஸ் ஒடைச்சுட்டு நீந்தும், எண்ணெய் மாதிரி ரோமம். நம்ம ஊர் வெயிலுக்கு அது பாவம், விட்ருவோம்.

இப்ப அக்கா வீட்டு ரூபி கதை. கறுப்பு லேப்ரடார், ஞாயித்துக்கிழமை நான்தான் கூட்டிட்டுப் போய் பழக்குவேன். போன டிசம்பர், மழை சீசன், குட்டையில மட்டையோட ஒரு தேங்காயைத் தூக்கிப் போட்டேன், அது ஆகாயத்தாமரைக் கொத்துக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு. ரூபி அந்த நேரம் ஒரு கானாங்கோழியைப் பாத்துட்டு இருந்ததால தேங்காய் விழுந்ததைப் பாக்கல. கைய நீட்டிக் காட்டுனேன், போச்சு. இடது பக்கம் தேடுச்சு, வலது பக்கம் தேடுச்சு, கொத்து ஓரத்துல நின்னு திரும்பி என் மூஞ்சியைப் பாத்துச்சு, நான் மறுபடி கை காட்ட மறுபடி உள்ள போச்சு. மழை பிடிச்சுக்கிச்சு. "ரூபி, போதும் வா"ன்னு கத்துறேன், வரல. (ரிட்ரீவர் போட்டின்னா இதுக்கு மார்க்கு வெட்டுவாங்க, கூப்ட்டா வரணும்.) இருபது நிமிஷம் இருக்கும், மூக்கைத் தண்ணிக்கு மேல தூக்கிக் காத்தைப் பிடிச்சு, வாலைத் துடுப்பு மாதிரி திருப்பி, கண்டுபிடிச்சிருச்சு. ஆனா தேங்காய் உருண்டை, கவ்வ வந்தா சுத்துது. நாலு தடவை, அஞ்சு தடவை, வழுக்கி வழுக்கிப் போகுது. கடைசியில அது என்ன பண்ணுச்சு தெரியுமா, நெஞ்சால முட்டி முட்டி கரைக்குத் தள்ளிட்டு வந்து, கால் தரையில பட்ட பிறகு முன்னங்காலால திருப்பி, காம்புப் பக்கம் நார் பிசிறா இருக்குல்ல, அதைப் பிடிச்சுத் தூக்குச்சு. என் கால்கிட்ட வச்சப்ப ஈறுல ரத்தம், வாலு மட்டும் நிக்கவே இல்ல. இதை யாரும் சொல்லித் தரல, நான் சொல்லித் தந்தது கை காட்டுனா போறது மட்டும்தான்.

அதே வாய்தான் ஒரு நாள் பக்கத்து வீட்டு சீனத்தம்மா வாத்துக்குஞ்சை உயிரோட கொண்டு வந்துச்சு, எச்சில்ல நனைஞ்சு கோவமா கத்திக்கிட்டு, ஒரு எறகு ஒடையல. எங்க வீட்டுத் தோட்டத்து நாய் கருப்பன் போயிருந்தா எறகு மட்டும்தான் வந்திருக்கும்.

ரொம்பப் புகழ்ந்துட்டேன், கொஞ்சம் தண்ணி ஊத்துறேன். லேப்ரடார் நம்மையே பாத்துட்டு இருக்கிறதுல பாதி பாசம், பாதி வயிறு. 2016ல கேம்பிரிட்ஜ் ஆளுங்க ஆராய்ச்சி பண்ணி, கிட்டத்தட்ட நாலுல ஒரு லேப்ரடாருக்கு பிஓஎம்சிங்கிற மரபணுவுல ஒரு துண்டு இல்ல, அதனால அதுங்களுக்குச் சாப்பாட்டு மேல ஆசை அதிகம்னு கண்டுபிடிச்சாங்க. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுற லேப்ரடார்கள்ல பாத்தா முக்கால்வாசிக்கு அந்தக் குறை இருந்துச்சாம், பிஸ்கட்டுக்காக எதையும் கத்துக்கிற நாயைத்தானே ட்ரெய்னிங்குக்கு எடுப்பாங்க! 2007ல லக்கி, ஃப்ளோன்னு ரெண்டு கறுப்பு லேப்ரடார் இங்க மலேசியாவுக்கு வந்து ஜோகூர்ல திருட்டு டிவிடி குடோனை மோப்பம் பிடிச்சதும், கும்பல்காரனுங்க அதுங்க தலைக்கு விலை வச்சதா பேப்பர்ல வந்ததும் ஞாபகம் இருக்கா? அந்த விடாப்பிடி மூக்குதான் இது. ஆனா மச்சான் தோட்டத்துல அதே மூக்கும் வயிறும் ஆபத்து, செம்பனைக்குக் கீழ வைக்கிற எலி மருந்து மெழுகுக்கட்டியைத் தின்னுட்டா உள்ளுக்குள்ள ரத்தம் உறையாம கசியும், ரெண்டு மூணு நாள் ஒண்ணும் தெரியாது. தின்னுச்சுன்னு சந்தேகம் வந்தாலே மருந்து டப்பாவோட டாக்டர்கிட்ட ஓடணும்.

கோல்டன்? தாமான்ல (குடியிருப்புல) கூட்டாளி ஒருத்தர் வச்சிருக்காரு, சிம்பா, தங்க நிறம், சின்னப் பிள்ளைங்க மேல ஏறி விளையாடும், ஒரு உறுமல் கிடையாது. வீட்டுக்குள்ள வச்சுப் பாத்தா ரூபியை விட நல்ல பிள்ளைன்னே சொல்வேன், மனுஷன் மூஞ்சி வாடுனா அதுக்குத் தெரியுது. வித்தவன் "வேட்டை ரத்தம்"னு சொல்லி வித்தான், ஆனா குட்டைக்குக் கூட்டிட்டுப் போனா ஆகாயத்தாமரையைப் பாத்துட்டுத் திரும்பி வந்துருச்சு, வாயில ஒரு குச்சியோட, நாங்க போட்ட குச்சி இல்ல அது. பின்னாடி விசாரிச்சா அதோட அப்பன் ஆத்தா ரெண்டும் ஷோ நாய்ங்க, அழகுப் போட்டிக்கு வளத்தது, தண்ணி பாத்ததே இல்ல. இது கோல்டன் குத்தம் இல்ல. லேப்ரடார்லயும் ஷோ வகை இருக்கு, கட்டையா குண்டா இருக்கும், வேலை வகை ஒல்லியா துருதுருன்னு இருக்கும். நல்ல வேலை வகைக் கோல்டன் ரூபியைத் தூக்கிச் சாப்ட்ரும்னுகூட ஒத்துக்கிறேன், ஆனா நம்ம ஈரத்துல அந்த நீள ரோமம் காயாது. காதுக்குள்ள சீழ், தோல்ல புண்ணு, உள்ளுக்குள்ள உண்ணி ஒளிஞ்சிருந்தா தேடவே ஒரு மணி நேரம். லேப்ரடார் ரெண்டு ஒதறுல பாதி காஞ்சிரும். வெயில்ல ரெண்டுமே பாவம்தான், காலையில ஏழு மணிக்கு முன்னாடி, சாயங்காலம் ஆறு மணிக்குப் பின்னாடிதான் ஓட விடணும், அதுக்காக ரோமத்தை மழிச்சு விட்றாதீங்க.

இனி கருப்பன். லயத்துல, எஸ்டேட் வீட்டு வரிசையில பொறந்தது, வாங்கல, வந்துச்சு. அப்பா விடிகாலை பால் வெட்டப் போறப்ப கூடவே போகும், மரம் மரமா அவர் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைத் தொடைச்சு வைக்க வைக்க ரெண்டு மரம் முன்னாடி நடந்து பாம்பு பாத்துட்டுப் போகும், பால் எடுத்து முடிச்சு பதினொரு மணிக்கு அவர் கூடவே வீட்டுக்கு வரும். ஒரு பந்தைத் தூக்கிப் போடுங்க, பந்தைப் பாக்கும், உங்களைப் பாக்கும், "நீதானே போட்ட, நீயே போய் எடு"ன்னு படுத்துக்கும். அப்பா ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் வார்டுல இருந்தாரு. அந்த ஒன்பது நாளும் கருப்பன் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு தனியா அப்பா வெட்டுற மர வரிசைக்கு, அதான் நெறைக்குப் போயிருக்கு. பக்கத்து நெறையில வெட்டுற அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், மரம் மரமா நின்னு நின்னு நடந்துச்சாம், பதினொரு மணிக்குத் திரும்பிருச்சாம். வீட்டுல சோறு வச்சா சாப்ட்டுச்சு, அழல, ஊளையிடல, வேலைக்குப் போயிட்டு வந்துச்சு அவ்வளவுதான்.

ரூபி நல்ல ஆளு, யார் கூப்ட்டாலும் அவங்களுக்கும் தேங்காய் எடுத்துக் குடுக்கும், திருடன் வந்தா டார்ச் லைட்டையும் எடுத்துக் குடுக்கும். ராத்திரி காட்டுப்பன்னி வேலி ஓரம் வந்தப்ப நின்னு கொலைச்சது கருப்பன், ரூபி வாயில ஒரு செருப்போட வாலை ஆட்டிட்டு நின்னுச்சு. தாத்தா ஊர்ப் பெருமை பேசுறவங்க ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைன்னு சொல்வாங்க, அதுங்க வேற ஜாதி, வெரட்டும், மடக்கும், கொண்டு வந்து குடுக்கிற பழக்கத்துக்காக வளத்ததில்ல.

அதனால மச்சான், வாத்துக்கும் குட்டைக்கும்னா லேப்ரடார், வேலை வகை. வீட்டுல பேரப்பிள்ளைங்களுக்குன்னா கோல்டன். ராத்திரி காவலுக்கு லயத்துல ஒரு குட்டி சும்மாவே கிடைக்கும், அதையும் சேத்து எடுங்க. துப்பாக்கிக் கனவெல்லாம் வேணாம், இங்க துப்பாக்கிக்கு போலீஸ் லைசன்ஸ், வேட்டைக்கு 2010 வனவிலங்குச் சட்டப்படி பெர்ஹிலித்தான் (வனவிலங்கு இலாகா) லைசன்ஸ், நாய்க்கு மஜ்லிஸ் (ஊராட்சி மன்றம்) லைசன்ஸ். குட்டையில எலி மூத்திரம் கலந்திருக்கும், நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி கட்டாயம் போடணும். கம்போங் (மலாய்க்காரங்க கிராமம்) வழியா நடத்திட்டுப் போறப்ப கயித்தைச் சுருக்கிப் பிடிங்க, லேப்ரடாருக்கு எல்லாரும் சொந்தக்காரங்கதான், ஆனா அதோட எச்சில் பட்டா முஸ்லிம்கள் மண்ணுத் தண்ணியோட சேத்து ஏழு தடவை கழுவணும், வயசானவங்களுக்கு அது கஷ்டம்.

குட்டி வந்த பிறகு சாமானோட ஓடுனா பின்னாடி வெரட்டாதீங்க, அது விளையாட்டாயிரும், எதிர்ப்பக்கமா நீங்க ஓடுங்க, தானா உங்ககிட்ட கொண்டு வரும். கயிறு இழுக்கிற விளையாட்டு வேணாம், வாய் முரடாயிரும்.

ஈப்போ பக்கம் ஒரு வீட்டுல குட்டி போட்டிருக்காம், ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போறோம். ஒரு மட்டைத் தேங்காய் எடுத்துட்டு வாங்க மச்சான், குட்டிக்கு இல்ல, அதோட ஆத்தாளுக்கு.