சீனி வருத்தத்துக்கு நிறை குறைப்பது: ஷேக்கா, ஊசியா, சோத்துக் கோப்பையா?

நிறை இறங்கினால் சீனியும் இறங்கும் என்பதை கொழும்பு வெள்ளவத்தையில் தேத்தண்ணிக் கடைக்காரரே சொல்லிவிடுவார். எப்படி இறக்குவது என்பதில்தான் ஆளுக்கொரு கதை. ஜிம், சாப்பாட்டுக்குப் பதில் ஷேக் குடிக்கும் ஷேக் டயட், வாராந்த ஊசி, வீட்டுச் சாப்பாட்டையே குறைப்பது என்று என் முன்னால் இருந்தவை நாலு. நான் எடுத்தது கடைசியை, இன்னும் அதில்தான் நிற்கிறேன், ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்தே வாசியுங்கள்.

ஜிம்மைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பின்னேரம் மரீன் டிரைவில் நடக்கக் காசு வேண்டாம், சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடந்தாலே சீனி பார்க்கும் மீட்டரில் வித்தியாசம் தெரியும். ஆனால் நடையால் மட்டும் நிறை இறங்குவது கஷ்டம். ஒரு மணித்தியாலம் நடந்து எரித்ததை வரும் வழியில் ஒரு மீன் ரோல்ஸும் பால் தேத்தண்ணியும் சரிக்கட்டிவிடும்.

ஷேக் டயட்டை அப்படித் தள்ள முடியாது. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வில் 3 முதல் 5 மாதம் நாளுக்குச் சுமார் 850 கலோரி, சூப்பும் ஷேக்கும் மட்டும். 2017இல் வந்த ஒரு வருட முடிவின்படி 46 சதவீதமானோருக்கு மருந்தே இல்லாமல் சீனி நீரிழிவு எல்லைக்குக் கீழே நின்றது. 15 கிலோவோ கூடவோ இறக்கியவர்களில் அது 86 சதவீதம். ஈரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு குறைவதால்தான் இது நடக்கிறது என்கிறார் அதை நடத்தியவர்களில் ஒருவரான ரோய் டெய்லர். ஆனால் ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாரும் வருத்தம் கண்டு 6 வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். இரண்டாம் வருடத்தில் அந்த 46, 36 ஆகிவிட்டது.

ஊசியிலும் இதே கதைதான். செமாக்ளூடைட் என்ற வாராந்த ஊசியை 68 வாரம் போட்ட நீரிழிவுக்காரருக்குச் சராசரியாக 10 சதவீதத்துக்குக் கிட்ட நிறை இறங்கியது, நீரிழிவு இல்லாதவர்களுக்கு 15. நான் போட்டதில்லை, போட்டவர்கள் பசி அடங்கியதையும் சொல்கிறார்கள், வயிற்றுப் பிரட்டலையும் சொல்கிறார்கள். எனக்கு இடித்தது நிறுத்திய பிறகு வந்த கணக்கு: நீரிழிவு இல்லாதவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பி ஏறியிருந்தது. அப்படியென்றால் மாதாமாதம் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், திறக்காத பேனாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். 2022இல் இலங்கையில் மணிக்கணக்கில் கரண்ட் போன நாட்களை நினைத்துப் பாருங்கள்.

ஆக எதை வைத்து இறக்கினாலும், இறங்கியது இறங்கியபடி நிற்குமா என்பதுதான் கேள்வி. அதில்தான் சோத்துக் கோப்பை எனக்கு வென்றது, ஏனென்றால் இதை நிறுத்தும் நாள் என்று ஒன்று இல்லை. மத்தியானம் கோப்பையில் பாதிக்கு வல்லாரைச் சம்பலும் பயத்தங்காய்க் கறியும், ஒரு ஓரத்தில் மீன், மிச்ச இடத்தில்தான் சோறு. சிவப்பரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அளவு குறையாவிட்டால் நிறம் உதவாது. இரவில் பத்துப் பன்னிரண்டு இடியப்பம் இருந்த இடத்தில் நாலு, பக்கத்தில் ஒரு முட்டை அல்லது கடலை. அதிலும் கவனிக்க வேண்டியது சொதி: நாலு இடியப்பம் மிதக்க மிதக்க ஊற்றினால் தேங்காய்ப்பால் கணக்கில் வராமலே உள்ளே போய்விடும், அதனால் நனையும் அளவுக்கு ஒரு அகப்பை, அவ்வளவுதான். மாமி வந்தால் "என்ன தம்பி, குருவி மாதிரிக் கொறிக்கிறியள்" என்று இன்னும் இரண்டைத் தள்ளத்தான் பார்ப்பார். கலியாண வீட்டில் நானும் வயிறாரச் சாப்பிடுவேன், அடுத்த நாள் பழைய கோப்பைக்கு வந்துவிடுவேன். ஷேக்கோடு இருப்பவருக்குக் கலியாண வீடு ஒரு சோதனை.

வேகம் குறைவு, அதை மறைக்கவில்லை. ஷேக்காரர் மூன்று மாதத்தில் இறக்குவதை நான் ஒரு வருடத்தில்கூட இறக்கவில்லை, மெட்ஃபோர்மின் என்ற சீனிக் குளிசையும் முழுதாக நிற்கவில்லை, டொக்டர் பாதியாக்கியிருக்கிறார். வருத்தம் புதிதாகக் கண்டு நிறையும் நன்றாகக் கூடியிருப்பவர் என்றால் டொக்டரின் கண்காணிப்பில் ஷேக் வழியைக் கேட்டுப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. க்ளிக்ளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் எந்த வழியானாலும் சாப்பாட்டைக் குறைக்கும் முன் கிளினிக்கில் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். சோறு பாதியாகி மருந்து அப்படியே இருந்தால் சீனி ஒரேயடியாக விழுந்து தலைசுற்றி வியர்க்கும். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்தப் பயம் குறைவு.