கம்ப்யூட்டர் கேபினெட் தூசி: கேன் காற்று, புளோயர், வாக்குவம் – எது எதற்கு?

மதர்போர்டு மேல் படிந்த தூசி பார்க்கத்தான் அசிங்கம். மெஷினைச் சூடாக்குவது புராசஸர் ஃபேனுக்கும் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி போல அப்பியிருக்கும் தூசி. ஃபேன் மறைப்பதால் அது கண்ணில் படாது. அதை எது அசைக்கும் என்று பார்த்துத்தான் கருவியை வாங்க வேண்டும்.

கேன் காற்று என்பது பெயருக்குத்தான் காற்று. பெரும்பாலான கேன்களில் இருப்பது டைஃப்ளூரோஈத்தேன், தீப்பற்றும் வாயு. கேனைச் சாய்த்தால் திரவமாகவே பீய்ச்சும், பட்ட இடம் உறைந்துபோகும். தொடர்ந்து அழுத்தினால் கேன் குளிர்ந்து வேகம் இறங்கிவிடும். இரண்டு மூன்று நொடி அடித்து, நிறுத்தி, மறுபடி அடிக்கணும். ஒன்றிரண்டு மெஷினுக்குப் போதும். இருபது மெஷினுக்குக் கட்டுப்படியாகாது.

வாக்குவம் அறையைக் குப்பையாக்காது, அதனால் அலுவலகங்களுக்குப் பிடிக்கும். ஆனால் பிளாஸ்டிக் குழாயில் தூசி உரசிப் போகும்போது ஸ்டேட்டிக் ஏறும். முனை ரேமில் பட்டால் ஆபத்து. கழன்று கிடக்கும் ஸ்க்ரூ, பழைய போர்டின் ஜம்பர் (பின்னில் செருகும் குட்டித் துண்டு) எல்லாம் உள்ளே போய்விடும். அப்பிய தூசியோ அப்படியே இருக்கும். பிரஷ்ஷால் கிளறும்போது நாலு விரல் தள்ளிப் பிடித்து, பறப்பதை இழுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பஞ்சர் கடை கம்ப்ரெஸர் வேண்டவே வேண்டாம். டேங்கில் தேங்கிய தண்ணீரும் காற்றோடு வரும்.

ஐந்தாறு மெஷினுக்கு மேல் இருந்தால் 500–600 வாட் கைப்புளோயரும் ஒரு இன்ச் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷும்தான் சரி. கேபினெட்டை வராந்தாவுக்குக் கொண்டுபோங்கள்; அறைக்குள் அடித்தால் அந்தத் தூசியைப் பக்கத்து மெஷின் இழுத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். ஒரு சாண் தள்ளி அடிக்கலாம். ஃபேன் இறக்கையை விரலால் பிடிக்காமல் அடித்தால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும். மெஷினுக்குக் கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது, கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். கிரில் வழியே ஐஸ் குச்சியால் ஃபேனை நிறுத்தி, வெளியிலிருந்தே அடியுங்கள்.

அப்படியும் தகடுகளுக்கு நடுவே தூசி நின்றால் ஃபேனை மட்டும் கழற்றி பிரஷ் போடுங்கள். ஹீட் சிங்க்கையே தூக்கினால் அதற்கும் புராசஸருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை வழித்துப் புதிதாகப் போட்டே ஆகணும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் உள்ள மெஷினில் பேஸ்ட் இறுகியிருந்தால் புராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியிலுள்ள பின்கள் வளையும்.

மூடுமுன் ஃபேன் ஒயர் இறக்கையில் உரசுகிறதா பாருங்கள். ஆன் செய்ததும் பீப் அடித்து டிஸ்ப்ளே வரவில்லையா? பிரஷ் பட்டு ரேம் அசைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்றி 'டிக்' என்று கேட்கும் வரை அழுத்திப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.