பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்த லெவலிங் கிட்: எது வாங்கலாம், எதை விடலாம்

ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், நவாரா எதை எடுத்துக்கொண்டாலும் காலி வண்டி பின்பக்கம் தூக்கலாகவும் முன்பக்கம் தாழ்ந்தும்தான் நிற்கும். அது தயாரிப்புக் குறை இல்லை. சரக்கு ஏறினால் பின்பக்கம் இறங்கி வண்டி மட்டத்துக்கு வரவேண்டும் என்று வைத்த இடைவெளி அது. லெவலிங் கிட் முன்பக்கத்தை உயர்த்தி அந்த இடைவெளியை அடைக்கிறது. சிங்கப்பூரில் இதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும், ஏனென்றால் இங்கே பிக்கப் பெரும்பாலும் வேலை வண்டி. ஏர்கான் காரரின் கேஸ் சிலிண்டரும் கம்ப்ரசரும், குழாய் வேலைக்காரரின் கருவிப்பெட்டியும் வாரத்தில் ஆறு நாளும் பின்னாலேயே கிடக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு 50 மி.மீ. கிட் போட்டால் மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் தரையைப் பார்க்கும். எங்கள் கருத்து இதுதான்: 50 மி.மீ. கேட்டு வருபவர்களில் பெரும்பாலோருக்கு 25 மி.மீ. போதும், சிலருக்கு எதுவுமே தேவையில்லை.

அதனால் கடைக்குப் போகுமுன் டேப்பை எடுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் காற்றும் தேய்மானமும் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை, நான்கு சக்கரத்திலும் அளக்க வேண்டும். முதலில் காலி வண்டி, பிறகு வழக்கமான சுமையோடு. உதாரணத்துக்கு, காலியாக முன்பக்கம் 510, பின்பக்கம் 560 என்றால் வித்தியாசம் 50 மி.மீ. கருவிகளை ஏற்றியதும் பின்பக்கம் 535க்கு இறங்கினால் மிஞ்சுவது 25தான். நீங்கள் வாங்கவேண்டிய உயரம் இந்த இரண்டாவது எண். சுமையோடு பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தாழ்ந்துபோனால் பணத்தைப் பின்பக்கப் பட்டை ஸ்ப்ரிங்கில் போடுங்கள், முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம். இடமும் வலமும் 10 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் ஒரு ஸ்ப்ரிங் அமுங்கிக் களைத்திருக்கலாம். கிட் அதைச் சரிசெய்யாது.

இனி வகைகள். பழைய தலைமுறை டி-மேக்ஸ் போல முன்னால் காயில் ஸ்ப்ரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பி (டார்ஷன் பார்) உள்ள வண்டிக்குத் தனியாகக் கிட் எதுவும் வேண்டாம். சரிசெய்யும் போல்ட்டைத் திருகினாலே சற்று உயரும். அதில் அளவோடு நின்றுகொள்வது நல்லது. காயில் ஸ்ப்ரிங் வண்டிகளில்தான் தேர்வு சிக்கலாகிறது.

மலிவானது, காயில் ஸ்ப்ரிங்குக்கு நடுவே நின்று அதிர்வை அடக்கும் ஷாக்கின் தலைக்கு மேல் வைக்கும் தட்டு. அலுமினியம், இரும்பு, பாலியூரிதேன் என்று மூன்று பொருளில் கிடைக்கிறது. ஷாக்கின் அடி போல்ட், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காருவதால், தட்டின் கனம் சக்கரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 மி.மீ. தட்டு 35 முதல் 40 மி.மீ. வரை தூக்கும். கடைக்காரர் “ரெண்டு இன்ச்” என்றால் அது தட்டின் கனமா, வண்டி ஏறும் உயரமா என்று கேட்டே ஆகவேண்டும். இதைக் கேட்காமல் வாங்குவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு.

தலைத்தட்டில் வண்டி ஓடும் விதம் பழையபடியே இருக்கும், ஷாக் தன் இயல்பான நிலையிலேயே நிற்பதால். ஆனால் மொத்த ஷாக்கும் கீழே தள்ளப்பட்டிருக்கிறது. சக்கரம் தொங்கும்போது முன்பைவிட ஆழமாகத் தொங்கும். மேல் ஆர்மின் முனையில் உள்ள பால் ஜாயின்ட் அதன் எல்லைக்கே போகும், மேல் ஆர்ம் காயில் ஸ்ப்ரிங்கை உரசும், ஃபோர்-வீல்-டிரைவ் வண்டியில் ஆக்சில் பூட் (ஆக்சில் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) மடிந்து மடிந்து கிழியும். மறுபக்கம், பெரிய பள்ளத்தில் இறங்கினால் சேசிஸில் இருக்கும் ரப்பர் தடுப்பு தொடுவதற்கு முன்பே ஷாக் தன் அடியை எட்டிவிடலாம். அப்போது அந்த மோதல் முழுவதையும் ஷாக்கும் அதன் மேல் மவுண்ட்டும் வாங்குகின்றன.

இரண்டாவது வகை, ஸ்ப்ரிங்குக்கும் அதன் மேல் தட்டுக்கும் நடுவே வைக்கும் வளையம். ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அமுக்கி வண்டியைத் தூக்குகிறது. ஷாக்கின் முழு நீளம் மாறாததால் பால் ஜாயின்ட்டுக்கும் ஆக்சில் பூட்டுக்கும் புதிய ஆபத்து குறைவு. ஆனால் ஷாக் எப்போதும் கூடுதலாக நீண்டே நிற்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது “டக்” என்று கேட்கும். ஸ்ப்ரிங் கடினமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ப்ரிங்கின் கடினம் மாறவில்லை. சக்கரம் கீழே தொங்க இடமில்லாமல் ஷாக்கின் பிஸ்டன் மேல் எல்லையில் முட்டும் சத்தம் அது.

மூன்றாவது, உயரம் மாற்றக்கூடிய ஷாக். பில்ஸ்டீன் 5100 வகையில் ஷாக்கின் உடம்பில் வரிசையாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். ஸ்ப்ரிங் தட்டைத் தாங்கும் வளையத்தை எந்தப் பள்ளத்தில் மாட்டுகிறோமோ அந்த உயரம். இதுவும் ஸ்ப்ரிங்கை அமுக்கியே தூக்குகிறது, ஆனால் அந்த உயரத்துக்கு ஏற்ற ஷாக் கூடவே வருகிறது. நான்காவது, சரியான எடைக்குச் செய்த புது ஸ்ப்ரிங்கும் அதற்குப் பொருந்தும் ஷாக்கும். ஓல்ட் மேன் ஈமு, ஐயன்மேன் போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்புகள் முன்பக்கம் கூடுதலாக எத்தனை கிலோ சுமக்கிறது என்று கேட்டுத்தான் ஸ்ப்ரிங் தருகின்றன. இரும்புக் கம்பி பம்பர் போட்ட வண்டிக்கும் போடாத வண்டிக்கும் ஒரே ஸ்ப்ரிங் பொருந்தாது.

நீண்ட நாள் வைத்திருக்கப்போகும் வேலை வண்டிக்கு நாங்கள் சொல்வது நான்காவது. 25 மி.மீ.க்குள் போதும், ஷாக் இன்னும் புதுசு, டூ-வீல்-டிரைவ் என்றால் தலைத்தட்டு தாராளமாகப் போதும். லட்சம் கிலோமீட்டர் ஓடி எண்ணெய் கசியும் ஷாக்கின் தலையில் புதுத் தட்டு வைப்பது காசைக் கரியாக்குவது. 50 மி.மீ.க்கு மேல் போவதாக இருந்தால் கோணம் திருத்திய மேல் ஆர்மும் சேர்த்து வாங்க வேண்டும். அதைத் தவிர்க்கச் சொல்லும் கடையைத் தவிருங்கள்.

பொருத்தும் வேலையில் கவனிக்க வேண்டியவை சில. இரண்டு முன்சக்கரப் பக்கங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்கை இரண்டு பக்கமும் கழற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் கம்பி எதிர்த்துத் தள்ளும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இரண்டின் கிளிப்பையும் முதலில் விடுவிக்க வேண்டும். சக்கரம் மாட்டும் ஹப்பைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் எடை ஆக்சில் ஜாயின்ட்டை வெளியே இழுத்துவிடும். ஸ்ப்ரிங்குக்கு மேல் வைக்கும் வளையத்துக்கு ஸ்ப்ரிங் கம்ப்ரசர் (ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) அவசியம். அதன் திருகில் காற்றழுத்தத்தால் திருகும் துப்பாக்கி வைக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள். அமுக்கிய ஸ்ப்ரிங் விடுபட்டால் ஆளையே அடித்துவிடும்.

இதைவிட அதிகம் தவறுவது ஒன்று உண்டு. கீழ் ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே முழுக்க இறுக்கிவிடுவார்கள். வண்டி தரைக்கு வந்ததும் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். கையிறுக்கமாக விட்டு, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, அதன் பிறகே டார்க் ரெஞ்சால் (குறித்த விசைக்கு இறுக்கும் ஸ்பானர்) இறுக்க வேண்டும். துவாஸ் போல் கடலோரத்தில் ஓடும் வண்டியில் இந்தக் கீழ் ஆர்ம் போல்ட் புஷ்ஷின் குழலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாள் முன்பே துரு எண்ணெய் தெளித்து வையுங்கள். அப்படியும் திரும்பவில்லை என்றால் அறுத்தெடுத்துப் புஷ்ஷும் போல்ட்டும் மாற்றியாக வேண்டும். அதற்கான செலவை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உயர்ந்த வண்டிக்கு அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) கட்டாயம். டோ (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும், சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாயும், காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) குறையும். காஸ்டர் குறைந்தால் வளைவு முடிந்த பிறகும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது, நேர்சாலையில் வண்டி அலையும். அச்சிட்ட அளவுத்தாள் தராத அலைன்மெண்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். முன்கண்ணாடியில் கேமரா வைத்துத் தானாகப் பிரேக் போடும் வண்டியாக இருந்தால் அந்தக் கேமராவையும் மறுபடி அளவுப்படுத்த வேண்டும்.

விளக்கை மறந்துவிடுகிறார்கள். ஹைலக்ஸ் டபுள் கேபின் வண்டியின் முன்பின் சக்கர இடைவெளி 3,085 மி.மீ. முன்பக்கம் 40 மி.மீ. ஏறினால் விளக்கொளி 10 மீட்டர் தூரத்தில் 13 செ.மீ. மேலே போகும், 25 மீட்டரில் 32 செ.மீ. விளக்கே 40 மி.மீ. ஏறியது இதற்கு மேல். எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக அடிக்கும். பரிசோதனை நிலையத்திலும் இது சிக்கும். விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்ப ஐந்து நிமிடம்தான் ஆகும், செய்துவிடுங்கள்.

சட்டப் பக்கம்: இலகு சரக்கு வாகனம் 10 வயது வரை ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகவேண்டும். கிட் வாங்குமுன் வண்டியின் மாடல், கிட்டின் வகை, ஏறும் உயரம் மூன்றையும் எழுதி நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். “எல்லாரும் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது” என்று பட்டறையில் சொல்வது பரிசோதனை நிலையத்தில் உதவாது. கழற்றிய பழைய ஸ்ப்ரிங்கையும் ஷாக்கையும் பட்டறையிலேயே விட்டுவராதீர்கள். கூரையில் ஏணிச் சட்டம் இருந்தால் அதன் முன்முனையின் புது உயரத்தை அளந்து, நீங்கள் வழக்கமாக நுழையும் பலமாடிக் கார்நிறுத்தத்தின் உயரப் பலகையோடு ஒத்துப்பாருங்கள்.

பொருத்திய அன்றே ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டோடு சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டு வையுங்கள். 500 கி.மீ. ஓடியதும் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. பாலியூரிதேன் தட்டு அமுங்குவதால் அதில் இது அதிகம் நடக்கும். மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரையுள்ள அளவையும் அப்போதே மீண்டும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.